சுங்கை சிப்புட்: போட்டி வாரத்தில் ஒரு தோட்டப் பட்டணம்

புதன், மாலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வடக்கே அரை மணி நேரம் வந்தால் சுங்கை சிப்புட். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊர். 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்ததும் இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான். பால்மரம் (ரப்பர்) நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபோனவர்கள் நிறைய. ஆனாலும் மாலை நாலரைக்குப் பிள்ளைகள் வந்து சேர்வது தோட்டத்துத் திடலுக்குத்தான்.

சனிக்கிழமை மாவட்டப் பள்ளிகளின் திடல்தடப் போட்டி. அதற்கு முன் பயிற்றுநர்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, பிள்ளைகளின் கால்களையும் அவர்களுடைய கால அட்டவணையையும் பார்ப்பதுதான் வந்த வேலை. பார்த்ததையும் சொன்னதையும் அன்றன்றே இங்கே எழுதுகிறோம்.

முதலில் திடல். சுண்ணாம்பில் போட்டிருப்பது 200 மீட்டர் தடம். முறையான 400 மீட்டர் தடத்தில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர், இங்கே கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதி. வளைவு இறுகினால் உள்பக்கத்தில் இருக்கும் இடது கால் அதிகம் வாங்கிக்கொள்ளும். கணுக்காலும் முழங்காலும் அந்தப் பக்கமே நோகும். போட்டியில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், பயிற்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உடலைச் சூடேற்றும் ஓட்டத்தையும் மெது ஓட்டத்தையும் எதிர்த்திசையில் வையுங்கள். வேக ஓட்டத்தைத் திடலின் குறுக்கே நேர்க்கோட்டில், 40 முதல் 60 மீட்டருக்குள் முடியுங்கள். வளைவு ஓட்டம் வாரத்தில் ஒரு நாள் போதும்.

கோடு போடுவதற்குக் கட்டுமானக் கடைச் சுண்ணாம்பை வாங்கிக் கொட்டுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அது காரம், ஈரத் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கால்சியம் கார்பனேட் பொடியோ, தண்ணீரில் கலக்கும் வெள்ளைச் சாயமோ வாங்குங்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டால், இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம்தான் கிளினிக்குக் கிளம்ப வேண்டும்.

12 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓடும் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் வாரத்தைப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். 100 மீட்டர், 200 மீட்டர், நீளந்தாண்டுதல், அஞ்சல் ஓட்டம் என்று திடல்தடத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 2 மணி நேரம். வலைப்பந்து இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். கராத்தே இரண்டு நாள், 2 மணி நேரம். பள்ளியில் உடற்கல்வி 1 மணி நேரம். கூட்டினால் 14. மூன்று பயிற்றுநர்களும் சொன்னது ஒரே பதில்: "என்கிட்ட வாரத்துக்கு ரெண்டு, மூணு நாள்தானே வர்றா." அவரவர் கணக்கு சரி. மொத்தக் கணக்கைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் பயிற்சியும் போட்டியும் சேர்ந்து அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது குழந்தை விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்தப் பிள்ளைக்கு 11. அதோடு வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விடுப்பு. அதை மாதம் மாதமாகப் பிரித்து எடுத்தாலும் சரி. பதினைந்து, பதினாறு வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றில் சீக்கிரம் தொடங்குவது வழக்கம். ஓட்டத்துக்கும் பந்துக்கும் அந்த அவசரம் தேவையில்லை.

ஆக, இன்றைக்குச் சொன்னது இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரே அட்டவணை, அதில் மூன்று பயிற்றுநரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழா வாரத்தில் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதில்லை என்று ஒரு பயிற்றுநர் வருத்தப்பட்டார். அந்த வாரத்தையே ஓய்வு வாரமாக எழுதிவிடுங்கள் ஐயா, உடம்புக்கும் அது வேண்டும் என்றோம்.

வியாழன், இரவு

இன்று வீடுகளுக்குப் போனோம். அம்மா பால்வெட்டுக்குப் போகும் வீட்டில் நாலரைக்கே விளக்கு எரிகிறது. பிள்ளை ஐந்தே காலுக்கு எழுகிறான். ஆறரைக்கு வேன். ஏழரைக்குப் பள்ளி. மதியம் வந்து சோறு, வீட்டுப்பாடம். நாலரை முதல் ஆறரை வரை திடல். ஏழரை முதல் ஒன்பதரை வரை டியூஷன். மீதி வீட்டுப்பாடத்தை முடித்துப் படுக்கும்போது பத்தே முக்கால். தூக்கம் ஆறரை மணி நேரம்.

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். பதின்ம வயது விளையாட்டாளர்களை வைத்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. "பையன் வர வர கோபக்காரனா ஆயிட்டான், டீச்சர்" என்று சொல்லும் அம்மாக்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதைத்தான்.

எங்கே குறைப்பது? பயிற்சியை நின்று பார்த்தால் தெரியும். இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் வரிசையில் நின்றே போகிறது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 75 நிமிடம் தாராளம்: சூடேற்ற 15, வேகம் 20, நுட்பம் 20, ஏதாவது ஓர் ஓடிப்பிடி விளையாட்டு 10, தளர்த்த 10. வேகப் பயிற்சியில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு நிமிடமாவது நிற்க விடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஓடினால் அது வேகப் பயிற்சி ஆகாது, சோர்வுப் பயிற்சிதான். டியூஷனைத் திடல் இல்லாத நாளுக்கு மாற்றுங்கள். பகலில் 20, 30 நிமிடத் தூக்கம் நல்லது. மூன்று மணிக்குள் எழுப்பிவிட வேண்டும்.

அடுத்தது காசு. பட்டணத்திலிருந்து ஈப்போ பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் போய்வந்தால் 180 கிலோமீட்டர். சின்னக் கார் என்றால் 12 லிட்டர் பெட்ரோல்; லிட்டர் 2 ரிங்கிட் அளவில் வைத்தாலும் மாதம் 100 ரிங்கிட்டைத் தொடும். கட்டணம், காலணி, சீருடை, போட்டி நாள் சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பெற்றோர் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை. நாள் சம்பளக்காரருக்கு ஓய்வு நாள் வேலைக்கு இரட்டைக் கூலி. ஞாயிறு போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் அப்பா அந்த இரட்டைக் கூலியை விட்டுவிட்டுத்தான் திடலோரம் நிற்கிறார். தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் அவர் பேசாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கிறது. "அப்பா இன்னிக்கு வேலைக்குப் போகல, எனக்காகத்தான்" என்று பத்து வயதுப் பையன் ஒருவன் சொன்னான். பெருமையாகச் சொன்ன மாதிரி இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் நிறையப் பேர் சொல்வது பல்கலைக்கழகம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம் என்பது உண்மை. அந்தப் பத்தையும் பதக்கம் மட்டுமே தந்துவிடாது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகை, வகிக்கும் பொறுப்பு, பங்கெடுப்பு, அடைவு எல்லாம் சேரும். சாரணர் இயக்கத்துக்கு ஒழுங்காகப் போய் ஒரு பொறுப்பும் வகிக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. தனியார் மையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டும் முன், பள்ளிப் புறப்பாட ஆசிரியரிடம் பிள்ளையின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டுப் பாருங்கள். கட்ட வேண்டிய தேவையே இருக்காது.

எல்லார் வாயிலும் வரும் பெயர் டாக்டர் ஜெகதீசன்: 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம், மருத்துவர். நியாயமான பெருமை. ஆனால் அவரைக் காட்டி ஆறாம் வகுப்புப் பிள்ளையை அளக்க வேண்டாம். 1996இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூர் பண்டார் பெனாவாரில் உள்ள பள்ளி, காற்பந்துக்குக் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி என்று வழிகள் இருக்கின்றன. இவை விடுதிப் பள்ளிகள். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் போய் இருக்க முடியுமா என்று பிள்ளையிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் தேர்வுக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளி, மாலை

இன்று முழுக்கக் கால்கள். பத்து வயதுப் பையன். இரண்டு வாரமாகக் குதிகால் வலி. "ஓடச் சொன்னாத்தான் வலிக்குதுங்கிறான், சோம்பேறித்தனமா இருக்குமோ, டீச்சர்?" என்றார் அவன் அம்மா. காலணியைக் கழற்றச் சொன்னோம். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் துணி அடைத்திருந்தது. குதிகாலின் பின்பக்கத்தை இரு விரலால் இருபுறமும் அமுக்கியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சோம்பேறித்தனம் இல்லை அக்கா. இது செவர் நோய்.

எட்டு முதல் பதினாலு வயதுவரை குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் இளசாக, எலும்பு வளரும் குருத்துப் பகுதியான வளர்தட்டாக இருக்கிறது. கெண்டைத் தசை குதிகால் நாண் வழியாக அதை மேலே இழுக்கிறது. எலும்பு வேகமாக நீளும் மாதங்களில் தசை அதற்கு ஈடு கொடுக்காமல் இறுகிப்போகும். அந்த நேரத்தில் ஓட்டமும் தாண்டலும் கூடினால் இழுபடும் இடம் புண்ணாகிறது. முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் முன்புடைப்பில் இதே நடந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். பத்து முதல் பதினைந்து வயதில், தாண்டும், உதைக்கும் பிள்ளைகளுக்கு வரும். இரண்டுமே வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் வலியோடு ஓட வைத்தால் இரண்டு வாரத்தில் தீர வேண்டியது ஆறு மாதம் இழுக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை: ஓட்டத்தையும் தாண்டலையும் இரண்டு முதல் நாலு வாரம் பாதியாகக் குறையுங்கள். நீச்சலும் சைக்கிளும் தாராளமாகச் செய்யலாம். இரு காலணியிலும் குதிகாலுக்கு அடியில் 6 முதல் 10 மில்லிமீட்டர் மெத்தை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சுவரைப் பிடித்துக் கெண்டைத் தசையை 30 விநாடி மெதுவாக நீட்டுவது, மூன்று தடவை, காலையும் மாலையும். வலிக்கும் அளவுக்கு இழுத்தால் அதுவே கெடுதல். துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், போட்டிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து ஓட விடுவதும் வேண்டவே வேண்டாம். வலி எச்சரிக்கிறது, மாத்திரை அந்த எச்சரிக்கையை மட்டும் அணைக்கிறது.

திரும்ப ஓடலாமா என்று எப்படித் தெரியும்? வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மூன்றுக்கு மேல் போகக் கூடாது, மறுநாள் காலையில் நொண்டக் கூடாது. ஒற்றைக் காலில் 20 தடவை குதித்தும் வலிக்கவில்லை என்றால் மெதுவாகத் தொடங்கலாம். காலணியில் நின்ற நிலையில், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் வலி என்பான், முழங்காலை எப்படித் தொட்டாலும் ஒன்றுமிருக்காது, நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளை, அதுவும் உடல் பருமனான பிள்ளை என்றால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலை வளர்தட்டிலிருந்து நழுவும் நிலை அது. அந்தக் காலில் நடக்கவே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப்போய் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சலோடு வரும் மூட்டு வீக்கம், ஒரு வாரத்துக்கு மேல் நொண்டல், இவையும் காத்திருக்கக் கூடாதவை. அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். ஆக, காசு தடை இல்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருப்பதுதான் தடை.

பெண்பிள்ளைகளின் அம்மாக்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். மாதவிலக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு மூன்று மாதம் வராமல் நின்றுபோனாலும், பதினைந்து வயதாகியும் தொடங்காவிட்டாலும், "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவாகும் சக்திக்குச் சாப்பாடு ஈடாகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்; எலும்பு பலம் இழக்கும், விரிசல் விடும். சோற்றோடு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்கும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கீரை, பருப்போடு ஒரு துண்டு எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

சனி, போட்டி முடிந்து

வெயில் ஒன்பதரைக்கே ஏறிவிட்டது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாளாவது உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி இருந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. போட்டிக்கு முந்திய நாளே பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

எட்டு மணி ஓட்டத்துக்கு ஐந்தரைக்குப் பசியாறிவிட வேண்டும்: இட்லி, ரொட்டி, முட்டை. தேங்காய்ப்பாலும் சம்பலும் நிறைந்த நாசி லெமாக் போட்டி முடிந்த பிறகு. தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே மூன்று மணி நேரம் கூடாரத்தில் காத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அந்த நேரத்தில் ஐஸ் சிராப்பும் நொறுக்குத் தீனியும்தான் சாப்பிட்டார்கள். இறுதிச் சுற்றில் கால் ஓடாததற்குப் பாதிக் காரணம் அதுதான். சின்ன வாழைப்பழம், காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி, உப்புப் போட்ட பார்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினால் போதும். 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 100 முதல் 250 மில்லிலிட்டர். பெரிய பிள்ளைகளுக்கு மணிக்கு 1 முதல் ஒன்றரை லிட்டர் வரை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்க விடாதீர்கள்.

திடலோரம் துணி துவைக்கும் பெரிய பேசின் ஒன்றில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி வையுங்கள். வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறினால், பேச்சு குழறினால், யாரென்று தெரியாமல் பார்த்தால் அது வெப்பத்தாக்கு. 999க்கு அழைத்த கையோடு சட்டையைக் கழற்றிப் பேசினில் கழுத்துவரை உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேசின் இல்லையென்றால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைத்துத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. அரை மணி நேரத்துக்குள் உடல் சூடு இறங்க வேண்டும். சுயநினைவு சரியில்லாத பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து "கையை வீசு! முட்டியைத் தூக்கு!" என்று அப்பாக்கள் கத்தினார்கள். தடத்தில் இருக்கும் பிள்ளை அதைக் கேட்டுத் தலையைத் திருப்பினால் அங்கேயே அரை அடி போய்விடும். பெயரைச் சொல்லிக் கத்துங்கள், கை தட்டுங்கள். நுட்பம் பயிற்றுநர் வேலை.

ஞாயிறு, கிளம்பும் முன்

நேற்று வென்றவர்களின் பிறந்த நாளைக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். பள்ளிப் போட்டிகளில் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஏறக்குறையப் பதினொரு மாத வித்தியாசம். அதற்கு மேல், பெண்பிள்ளைகள் சராசரி பன்னிரண்டு வயதிலும் பையன்கள் பதினாலிலும் வேகமாக உயர்கிறார்கள். சிலர் அதற்கு இரண்டு ஆண்டு முந்தி, சிலர் பிந்தி. பன்னிரண்டில் மீசை அரும்பியவன் வெல்வது பெரும்பாலும் உடம்பால். பதினாறில் மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும்போது அவன் திகைத்துப் போகிறான். பிந்தி வளரும் பிள்ளையோ அதற்குள் திடலை விட்டே போயிருப்பான். பயிற்றுநர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். டிசம்பர் பிள்ளைகளை இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கழிக்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும் வழி பற்றி. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். பேசாமல் போனால் கோபம் என்றே எடுத்துக்கொள்கிறது. "பசிக்குதா? எங்கயாச்சும் வலிக்குதா? வழியில ரொட்டி சானாய் சாப்பிட்டுப் போலாமா?" இந்த மூன்று கேள்வியும் போதும். ஓட்டத்தைப் பற்றி அன்றைக்குப் பிள்ளையே பேச்செடுத்தால் பேசலாம்.

வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும்போது: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் என்று காரிலோ அறையிலோ இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பயிற்றுநர் அனுப்பும் செய்தி பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். தசை பிடித்துவிடுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. பயிற்றுநர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடும். பிள்ளை எதையாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்புங்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, இரவும் பகலும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைத் தூணில் அளவுநாடா ஒன்றை ஒட்டச் சொன்னோம். ஒவ்வொரு மாதமும் முதல் பள்ளி நாள் காலையில், காலணி இல்லாமல், குதிகால் தூணில் பட, ஒரே ஆசிரியர் அளக்க வேண்டும். மாலையில் அளந்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து காட்டும், கணக்கு கெடும். ஒரு மாத அளவை மட்டும் நம்பாமல் மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். மாதத்துக்குச் சராசரி 0.6 சென்டிமீட்டருக்கு மேல் உயரும் பிள்ளையின் பெயருக்குச் சிவப்பு மையில் கோடு. கோடு இருக்கும்வரை தாண்டலும் வேக ஓட்டமும் கால்வாசி குறைவு, அடுத்த அளவு எடுத்த பிறகு மறுபடி முடிவு. நாடாவை ஒட்டியாகிவிட்டது. அளப்பதற்கு மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.